ஊர்க் கோயில் திருமேனிகளை ஆவணப்படுத்துவது எப்படி: களவுக்கு முன்னும் பின்னும்

1958இல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஆனந்தமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் இராமர், இலக்குவன், சீதை திருமேனிகளைப் படம் எடுத்தார்கள். கலை ஆய்வுக்காக எடுத்தவை அவை. களவு பற்றிய நினைப்பே அப்போது இல்லை. 1978இல் அந்தத் திருமேனிகள் களவுபோயின. 2020இல் லண்டனில் இந்தியத் தூதரகத்திடம் அவை ஒப்படைக்கப்பட்டபோது, இவை ஆனந்தமங்கலத்தவைதாம் என்று காட்டியது 62 ஆண்டு முந்தைய அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள்.

கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய திருமேனிகள் பலவற்றின் பின்னால் இதே நிறுவனத்தின் படத்தொகுப்பு இருக்கிறது. அந்தப் படங்களை எடுத்தவர்கள் எல்லா ஊருக்கும் போனதில்லை. உங்கள் ஊர் அதில் இல்லையென்றால், அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்தான். ஒரு கோயிலுக்கு இரண்டு நாள் போதும். பெரிய கேமரா வேண்டாம். நல்ல கைப்பேசி, துணி டேப், ஒரு நோட்டு, அர்ச்சகரின் ஒத்துழைப்பு இருந்தால் நடக்கும்.

களவு போன திருமேனி ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரிந்தாலும், "இது எங்கள் சாமி" என்ற சொல்லை மட்டும் வைத்து அருங்காட்சியகத்தாரால் எடுத்துக் கொடுக்க முடியாது. அவர்களுடைய அறங்காவலர் குழுவும் வழக்கறிஞர்களும் கேட்பது ஒன்றே: இந்தப் பொருள் இன்ன நாளில் இன்ன கோயிலில் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? அந்தக் கேள்விக்கான விடையைக் களவுக்கு முன்பே தயார் செய்து வைப்பதுதான் இந்த வேலை முழுதும்.

யாரிடம் கேட்க வேண்டும்

அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடமோ தக்காரிடமோ (அறங்காவலர் இல்லாதபோது துறை நியமிப்பவர்) எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஊர்ப் பொதுக்கோயில் என்றால் அறங்காவலர்கள் கையெழுத்திட்ட தீர்மானம் போதும். தமிழ்நாட்டு அறநிலையத் துறைச் சட்டம் (1959) 29ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு இருக்க வேண்டும். திருமேனிகளும் அதில் வர வேண்டும். அந்தப் பதிவேட்டின் நகலை முதலில் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல இடங்களில் "பஞ்சலோக அம்மன் சிலை 1" என்று ஒரே வரியோடு நின்றிருக்கும். அந்த வரியால் எந்த நாட்டு நீதிமன்றத்திலும் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆவணத்தில் அதே எண் வந்தால்தான் இரண்டும் ஒரே பொருளைச் சொல்கின்றன என்று காட்ட முடியும்.

அர்ச்சகரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். திருமேனியைத் தொடுபவர் அவர் மட்டுமே. டேப் பிடிப்பதும் அவரே. எந்த நேரம் என்பதையும் அவரே சொல்லட்டும். அபிஷேகமோ திருமஞ்சனமோ முடிந்து, ஈரம் ஒற்றி எடுத்த பின், வஸ்திரம் சாத்துவதற்கு முன் கிடைக்கும் இடைவெளி மிகவும் ஏற்றது. சாத்துப்படியோடு எடுத்த படத்தில் பட்டும் மாலையும் கவசமும்தான் தெரியும். ஊரில் எல்லார் வீட்டுப் பூஜையறையிலும் உற்சவர் படம் இருக்கும். திருமேனியின் உண்மையான வடிவம் தெரிகிற படம் ஒன்றுகூட இருக்காது. களவுபோன பின் ஊர்கள் தவிப்பது இந்த இடத்தில்தான்.

வஸ்திரமில்லாமல் அம்மனைப் படம் எடுப்பதில் தயக்கம் இருந்தால் அதை மதியுங்கள். வார்ப்பிலேயே ஆடை அணி எல்லாம் இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லலாம். படம் பொதுவில் வராது, முத்திரையிட்ட உறையில் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

படம் எடுப்பது

திருமேனியின் பின்னால் சுருக்கமில்லாத வெள்ளை வேட்டியோ சாம்பல் நிறத் துணியோ கட்டுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், எண்ணெய் ஏறிய உலோகத்தில் அது வெள்ளைத் திட்டாக விழுந்து, பார்க்க வேண்டிய கீறலை மறைத்துவிடும். இரண்டு எல்.இ.டி. விளக்குகளை இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் வைத்து, முன்னால் மெல்லிய வெள்ளைத் துணி தொங்கவிட்டால் ஒளி சீராகப் பரவும்.

கைப்பேசியை முகத்துக்கு அருகே கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெருத்து, பீடம் சிறுத்து வடிவமே மாறிவிடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று 2எக்ஸ் லென்ஸில் எடுங்கள். கைப்பேசியின் உயரம் திருமேனியின் நடு உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். பீடத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலும், திருமேனியின் எண்ணும் தேதியும் எழுதிய சீட்டும் வையுங்கள். சீட்டு இல்லாமல் ஒரு முறை, சீட்டோடு ஒரு முறை எடுப்பது நல்லது.

ஒவ்வொரு திருமேனிக்கும் குறைந்தது இவை வேண்டும்:

- முன், பின், இடம், வலம். இடையில் இரண்டு சாய்வுக் கோணங்கள்
- முகம் நெருக்கமாக, முன்னும் இரு பக்கமும்
- ஒவ்வொரு கையும் அதிலுள்ள ஆயுதமோ முத்திரையோ தெரியும்படி
- பின் தலை, சிரச்சக்கரம் (தலையின் பின்னுள்ள வட்டம்), கழுத்தில் விழும் முடிச்சுருள்கள், இடுப்பு முடிச்சு
- பீடம் நான்கு பக்கமும். அதிலுள்ள எழுத்து, துளை, வளையம், முளை
- உடைவு, ஒட்டு, தேய்வு ஒவ்வொன்றும் தனித்தனியாக

பின்பக்கப் படத்தை விட்டுவிடாதீர்கள். போலி வார்ப்பவர் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் வார்க்கிறார். பின் கழுத்துச் சுருள்களின் எண்ணிக்கையும் முடிச்சின் போக்கும் அவருக்குத் தெரிவது அரிது. பீடத்தின் அடிப்பகுதியும் மிக நல்ல அடையாளம்தான். ஆனால் அதற்காகத் திருமேனியைச் சாய்க்க வேண்டாம். பாலாலயம், குடமுழுக்கு போன்ற வேளையில் எப்படியும் எழுந்தருளச் செய்வார்கள். அப்போது எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

பீடத்து எழுத்தைப் படம் எடுக்க சுண்ணப்பொடியோ விபூதியோ தேய்க்காதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பீடத்தின் பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தானாகத் தெளியும். இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று எடுங்கள். ஊர்ப் பெயரோ கொடுத்தவர் பெயரோ எழுத்தில் இருந்தால், திருடர்கள் முதலில் அராவித் தேய்ப்பது அதைத்தான். தேய்த்த பின்னும், எழுத்து இருந்த இடமும் நீளமும் உங்கள் படத்தோடு ஒத்துப்போகும்.

இந்த வேலைக்காகத் திருமேனியைப் புளி போட்டோ பாலிஷ் போட்டோ விளக்காதீர்கள். பல நூறு ஆண்டுப் படிவும் கருமையும்கூட அடையாளம்தான்.

அளவு எடுப்பது

எல்லாம் சென்டிமீட்டரில், ஒரு தசமப் புள்ளிவரை எழுதுங்கள். வெளிநாட்டு அருங்காட்சியகப் பட்டியல்கள் பெரும்பாலும் சென்டிமீட்டரில்தான் சொல்கின்றன. "மூன்றடிச் சிலை" என்று நாம் எழுதி, அவர்கள் 84.5 என்று எழுதினால் ஒப்பிட வழியில்லை.

பீடத்தோடு உயரம், பீடமில்லாமல் உயரம், அதிக அகலம், முன்பின் ஆழம், பீடத்தின் நீள அகல உயரம், திருவாசி (திருமேனியைச் சுற்றிய உலோக வளைவு) இருந்தால் அதன் உயரமும் அகலமும், பீடத் துளைகளுக்கு இடையிலுள்ள தொலைவு. பீடத்தோடும் இல்லாமலும் தனித்தனியே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கடத்துபவர்கள் அடியிலுள்ள தனிப் பீடமான பத்ர பீடத்தைக் கழற்றி விட்டுவிட்டுத் திருமேனியை மட்டும் கொண்டுபோவதுண்டு. பட்டியலில் ஓர் உயரம்தான் இருக்கும்.

திருமேனியின் மேல் இரும்பு டேப் பட வேண்டாம். பக்கத்தில் நேராக ஒரு பலகையை நிறுத்தி, உச்சியைத் தொடாமல் தொட்டாற்போல் இன்னொரு பலகையைக் கிடையாகப் பிடித்து, அது நிற்கும் பலகையைச் சந்திக்கும் இடத்தில் பென்சில் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தால் உயரம். இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும்.

எந்த அடையாளங்கள் பயன்படும்

"நடராசர், சோழர் காலம், வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கிய நிலை" என்று எழுதினால் அது நூற்றுக்கணக்கான நடராசருக்குப் பொருந்தும். உங்கள் ஊர் நடராசருக்கு மட்டும் பொருந்துவதை எழுத வேண்டும். திருவாசியில் தீச்சுடர் எத்தனை, எந்தச் சுடர் உடைந்தது, ஒவ்வொரு சுடருக்கும் மூன்று நாவா ஐந்தா? வலப்பக்கம் விரிசடை எத்தனை, இடப்பக்கம் எத்தனை, கங்கை எந்தச் சடையில்? முயலகனின் தலை எந்தப் பக்கம், கையில் பாம்பு உண்டா? பறக்கும் ஆடை முனை திருவாசியைத் தொடுகிறதா, நடுவிலேயே நிற்கிறதா?

சோமாஸ்கந்தரில் நடுவிலிருக்கும் குழந்தை முருகன் பல கோயில்களில் காணாமல் போயிருப்பார். அவர் நின்ற இடத்துத் துளையின் வடிவத்தையும், அம்மையப்பரிடமிருந்து அதன் தொலைவையும் எழுதுங்கள். அம்மன் திருமேனியில் ஆடை மடிப்பின் வரிகளை எண்ணுங்கள்.

வார்ப்புக் குறைகள் இவற்றைவிட உறுதியான சான்று. தேன்மெழுகில் வடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி, அச்சை உடைத்து எடுப்பதால் ஒவ்வொரு திருமேனியும் ஒன்றே ஒன்றுதான். காற்றுக் குமிழியால் விழுந்த சிறு பள்ளம், சதுரத் துண்டு வைத்து அடைத்த பொத்தல், வார்ப்பின்போதே மடங்கிய விரல் ஆகியவற்றை அப்படியே நகலெடுப்பது கடினம். நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் செய்து தேய்ந்த மூக்கும் கண்ணும், பிற்காலத்தில் உளிகொண்டு திரும்பக் கீறிய புருவமும் அப்படியே. ஒரு திருமேனிக்குக் குறைந்தது பத்து அடையாளங்களாவது எழுதுங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்.

அதில் இரண்டை மட்டும் வெளியே சொல்லாமல், முத்திரையிட்ட பிரதியில் மட்டும் வையுங்கள். பொதுவில் வந்த அடையாளத்தைத் திருடர்கள் அழிக்கலாம். மேலும், பின்னாளில் ஒரு திருமேனி அகப்பட்டு "இது உங்களுடையதா" என்று விசாரணையில் கேட்கும்போது, யாருக்கும் தெரியாத அந்த இரண்டைச் சொல்லிக் காட்டுவது பெரிய பலம்.

கோஷ்டத்துக் (கருவறைப் புறச்சுவர் மாடத்து) கல் சிற்பங்களுக்கு வேறொரு கவனம் வேண்டும். சிற்பத்தோடு மாடத்தையும், இரு பக்க அரைத்தூண்களையும், சுவரையும் சேர்த்து எடுங்கள். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் அர்த்தநாரீசுவரரை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் வாங்கியது. 1970இலேயே டெல்லிக் கடை ஒன்றில் விற்றதாகக் காட்டும் ரசீதும் அதோடு இருந்தது. 1974இல் எடுத்த படத்திலோ சிற்பம் விருத்தாசலத்து மாடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தேதியுள்ள ஒரு படம் அந்த ரசீதைப் பொய்யென்று காட்டியது. 2014இல் சிற்பம் இந்தியாவுக்குத் திரும்பியது.

வாகனங்கள், தேர்ச் சிற்பங்கள், செப்பேடுகள், ஓலைச்சுவடிகள், பழைய நகைகள் ஆகியவற்றுக்கும் இதே முறைதான். நகைக்கு எடை அவசியம்.

ஏடு

உலகம் முழுதும் காவல் துறையும் அருங்காட்சியகங்களும் ஏற்கும் படிவம் ஒன்று உண்டு. "ஆப்ஜெக்ட் ஐடி" என்பார்கள். 1997இல் வந்தது. பொருளின் வகை, உலோகம் அல்லது கல், செய்முறை, அளவுகள், எழுத்தும் குறிகளும், தனி அடையாளங்கள், பெயர், எந்தத் தெய்வம் அல்லது காட்சி, காலம், செய்தவர் ஆகியவற்றோடு படமும் சிறு விளக்கமும் கேட்கும். தமிழிலும் ஆங்கிலத்திலும் நிரப்புங்கள். காலம் தெரியாவிட்டால் ஊகித்து "பத்தாம் நூற்றாண்டு" என்று எழுதாதீர்கள். பின்னால் நிபுணர் ஒருவர் பதின்மூன்று என்றால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டு முழு ஆவணத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குவார். காலத்தைத் தொல்லியல் துறையினர் சொல்லட்டும்.

படக் கோப்புகளை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும். எடுத்த தேதி உள்ளிட்ட விவரங்களும் போய்விடும். கேபிள் வழியாக நகலெடுங்கள். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள். மூலக் கோப்பில் வெட்டுவதோ நிறம் மாற்றுவதோ கூடாது. ஸ்டுடியோவில் அச்சிட்ட படங்களின் பின்னால் பென்சிலால் எண், தேதி, எடுத்தவர் பெயர் எழுதி, அர்ச்சகரும் அறங்காவலரும் கையெழுத்திடட்டும்.

இந்தப் படிவமும் படங்களும் சேர்ந்ததே ஏடு. அதில் மூன்று தொகுதி தயார் செய்யுங்கள். ஒன்று கோயிலில். ஒன்று அறநிலையத் துறை அலுவலகத்தில். கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள். அந்தத் தேதி முத்திரைதான் பின்னாளில் "களவுக்கு முன்பே இந்தப் படம் இருந்தது" என்பதற்குச் சான்று. மூன்றாவது ஊருக்கு வெளியே, ஒரு வங்கிப் பெட்டகத்திலோ நம்பகமான நூலகத்திலோ. கோயிலில் மட்டும் வைத்த ஏடு திருமேனியோடு சேர்ந்தே காணாமல் போகலாம்.

படங்களை இணையத்தில் போடலாமா என்பதில் ஊர்களில் வாக்குவாதம் வரும். பரவலாகத் தெரிந்த திருமேனியை விற்பது கடினம் என்பது உண்மை. ஆனால் பூட்டு எங்கே, சாவி யாரிடம், எந்த அறையில் எத்தனை திருமேனி என்பது படத்திலோ எழுத்திலோ வெளிப்படக் கூடாது. காவலில்லாத தனிக் கோயில் என்றால் பொதுவில் போடாமல் துறையிடமும் காவல் துறையிடமும் மட்டும் கொடுப்பது நல்லது.

ஆண்டுக்கொரு முறை, திருவிழாவுக்கு முன், ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு திருமேனியையும் சரிபாருங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் 2006இல் நடந்த களவு, 2008இல் அதிகாரிகள் திருமேனிகளைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துப்போக வந்து கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் அங்கிருந்த நடராசர் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடத்தின் கைக்குப் போய்விட்டார்.

செப்பனிட அனுப்பும்போது

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951இல் நடராசரும் வேறு சில திருமேனிகளும் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தன. 1954இல் நடராசரைச் செப்பனிட அனுப்பினார்கள். கோயிலுக்குத் திரும்பியது நகல். ஊர் அதைத்தான் வணங்கிக்கொண்டிருந்தது; 1960களில் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் சொன்ன பிறகே விஷயம் வெளியே வந்தது. அசல் 1973இல் அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் விலைபோயிருந்தது. 1976இல் ஒப்பந்தம் ஏற்பட்டு, பத்து ஆண்டு அங்கே காட்சியில் இருந்த பின் 1986இல்தான் நாடு திரும்பியது.

எனவே எந்தத் திருமேனியும் கோயில் வாசலைத் தாண்டுமுன் புதிதாக முழுப் படமும் அளவும் எடுத்து, எடையும் போட்டு, பெற்றுக்கொள்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கூடுமானவரை ஸ்தபதியைக் கோயிலுக்கு வரவழைத்து, ஊரார் பார்க்க அங்கேயே வேலை நடக்கட்டும். திரும்பி வந்ததும் பின்பக்கம், துளைகள், வார்ப்புக் குறைகள், எடை ஆகிய நான்கையும் ஒப்பிடுங்கள். எடை குறைவதோ கூடுவதோ செய்த வேலையின் அளவுக்குள் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சுரண்டிப் பார்ப்பதோ துளையிடுவதோ வேண்டாம். திருமேனிக்குச் சேதம் வராமல் உலோகக் கலவையைச் சோதிக்கும் கருவிகள் இருக்கின்றன. தொல்லியல் துறைக்கு எழுதிக் கேளுங்கள்.

மண்ணில் கிடைத்தால்

வீடு கட்டவோ குளம் தூர்வாரவோ தோண்டும்போது திருமேனி அகப்பட்டால் உடனே வேலையை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கழுவ வேண்டாம். ஒட்டிய மண்ணைத் தட்டவும் வேண்டாம். பத்தூரில் 1976இல் கிடைத்த நடராசர் கைமாறி லண்டன் போய், கனடா நிறுவனம் ஒன்றால் வாங்கப்பட்டது. லண்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், பத்தூரில் புதைந்திருந்த மற்றத் திருமேனிகளின் மேலிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் இந்த நடராசரின் மேலிருந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். அந்த மண்ணைக் கழுவியிருந்தால் ஒரு சாட்சி போயிருக்கும். கிடைத்த குழியை அளவுகோலோடு படம் எடுத்து, குழியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைச் சுத்தமான டப்பாவில் போட்டு, தேதி எழுதி அதிகாரிகளிடம் கொடுங்கள்.

களவு நடந்த அன்று

துக்கம் தாளாமல் எல்லாரும் உள்ளே ஓடுவார்கள். அதைத் தடுப்பது முதல் வேலை. வாசலிலேயே நிறுத்தி, காவல் துறை வரும்வரை பரிகாரப் பூசையோ கழுவுவதோ வேண்டாம் என்று சொல்லுங்கள். உடைந்த பூட்டு, பீடத்தில் மிச்சமான துண்டு, அறுத்த முளை எதையும் தொடக் கூடாது. பின்னாளில் அகப்படும் திருமேனியின் உடைந்த விளிம்பு பீடத்தில் மிச்சமான துண்டோடு பொருந்தினால் அதற்கு மேல் வாதமில்லை.

புகார் அன்றைக்கே கொடுங்கள். "சாமி சிலைகள் சில திருடப்பட்டன" என்று எழுதிய புகார் இருபது ஆண்டு கழித்து எதற்கும் உதவாது. ஒவ்வொரு திருமேனிக்கும் தனி எண், பெயர், உயரம், அடையாளங்கள் (வெளியே சொல்லாமல் வைத்த இரண்டு நீங்கலாக), படம் இணைத்து, இணைப்புகளும் முதல் தகவல் அறிக்கையின் பகுதியாகச் சேர்க்கப்பட்டனவா என்று பாருங்கள். அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சட்டம், வாங்காமல் வராதீர்கள். தடயம் கிடைக்கவில்லை என்று வழக்கை முடித்தால், அந்த உத்தரவின் நகலையும் கேட்டு வாங்கி ஏட்டில் சேருங்கள். காவல் நிலையங்களில் பழைய கோப்புகள் கிடைக்காமல் போவதுண்டு. கோயிலில் நகல் இருந்தால் பிழைத்தீர்கள்.

அதே கட்டுக்காகிதங்களைச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கும், அறநிலையத் துறை இணை ஆணையருக்கும், இந்தியத் தொல்லியல் துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இன்டர்போலின் களவுபோன கலைப்பொருள் பட்டியலில் தனியார் நேரடியாகச் சேர்க்க முடியாது. இந்தியாவில் சி.பி.ஐ. வழியாகத்தான் போக வேண்டும். அதை விசாரணை அதிகாரி கேட்டு அனுப்ப வேண்டும். அனுப்பினாரா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் கேளுங்கள். சேர்ந்ததா என்பதை "ஐடி-ஆர்ட்" என்ற இன்டர்போல் செயலியில் யாரும் பார்க்கலாம். பெரிய அருங்காட்சியகங்களும் ஏல நிறுவனங்களும் வாங்குமுன் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதில் பெயர் இல்லாத பொருள் "சுத்தமானது" என்று சொல்லப்பட்டுக் கைமாறிவிடலாம்.

வெளிநாட்டில் தேடுவது

பல அருங்காட்சியகங்கள் தங்கள் தொகுப்பை இணையத்தில் வைத்திருக்கின்றன. தெய்வத்தின் பெயரை ஆங்கிலத்தில் பல எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். "சோழா", "சவுத் இந்தியா", "தமிழ்நாடு" என்ற சொற்களோடு சேர்த்தும் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சேர்க்கை எண் இருக்கும். அதன் முதல் பகுதி பல இடங்களில் அந்தப் பொருளை வாங்கிய ஆண்டு. உங்கள் ஊர்க் களவுக்குப் பின்வரும் ஆண்டுகளைக் கவனியுங்கள்.

அடுத்தது உடைமை வரலாறு. இந்தியாவில் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1972இல் வந்தது. 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பத்தைத் தனியார் ஏற்றுமதி செய்வது அதன்படி குற்றம். ஆகவே போலிக் காகிதம் தயாரிப்பவர்கள், பொருள் 1972க்கு முன்பே நாட்டை விட்டுப் போனதாக எழுதுவார்கள். ஸ்ரீபுரந்தான் நடராசருக்கு ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்தது. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். பொருள் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனதாகச் சொல்லும் காகிதங்களும் கூடவே வந்தன. 1994இல் அந்த நடராசர் ஸ்ரீபுரந்தானில் இருந்ததைப் பிரெஞ்சு நிறுவனத்தின் படம் காட்டியது. ஒரு பெயர்கூட இல்லாமல் "ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு" என்றும், இறந்துபோன ஒருவர் வாங்கியதாகவும், அதன்பின் முப்பது ஆண்டு வெற்றிடமாகவும் இருக்கும் வரலாறு எங்கே கண்டாலும் நின்று பாருங்கள்.

ஒத்த ஒன்று கண்ணில் பட்டால் அதே நிமிடம் பக்கத்தைத் தேதியோடு பி.டி.எஃப். ஆகவும் ஸ்கிரீன்ஷாட்டாகவும் சேமியுங்கள். இணைய ஆவணக் காப்பகத் தளத்திலும் ஏற்றுங்கள். சர்ச்சை கிளம்பியதும் பக்கம் மறைந்துபோவது உண்டு. பிறகு உங்கள் படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முகச்சாயல் ஒத்திருப்பது போதாது. உடைவு, பொத்தல், துளை, தேய்வு போன்ற தனி அடையாளங்களில் குறைந்தது ஐந்து பொருந்த வேண்டும். ஒன்று தெளிவாக முரண்பட்டாலும் நிறுத்திவிடுங்கள். அவசரப்பட்டுத் தவறான உரிமை கோரினால், அடுத்து வரும் உண்மையான கோரிக்கைக்கும் மதிப்புக் குறையும். உறுதியானதும் முகநூலில் அறிவிக்காமல், சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவிடம் முதலில் கொடுங்கள். தனியார் கையிலிருக்கும் பொருள் செய்தி பரவியதும் மறைந்துவிடும்.

கோரிக்கை எப்படிப் போகிறது, அருங்காட்சியகத்தில் என்ன நடக்கிறது

பத்தூர் வழக்கில் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் ஒன்றை ஏற்றது: இந்தியச் சட்டத்தில் கோயில் ஒரு சட்ட நபர், தன் உடைமையைக் கேட்டு அங்கே வழக்காட அதற்கு உரிமை உண்டு. பாழடைந்து வழிபாடின்றிக் கிடந்த கோயிலுக்கே அந்த உரிமை கிடைத்தது. "கோயிலே இப்போது இல்லையே" என்று சோர்ந்துபோன ஊர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நடைமுறையில் கோரிக்கை மாநில அரசிடமிருந்து இந்தியத் தொல்லியல் துறைக்கும், அங்கிருந்து தூதரகத்துக்கும் போகிறது. ஊர் செய்ய வேண்டியது: ஏட்டின் முழு நகல், முதல் தகவல் அறிக்கை, திருவிழாப் பத்திரிகைகள், அர்ச்சகரின் உறுதிமொழி ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு ஒரே கட்டாகக் கொடுப்பது.

அருங்காட்சியகத்துக்கும் இதில் இழப்பு சிறிதல்ல. கொடுத்த பணம் போகிறது. விற்றவர் மேல் வழக்குப் போட வேண்டியிருக்கிறது. ஒரு பொருள் களவென்று தெரிந்ததும், அதே வணிகரிடம் வாங்கிய எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழுகிறது. ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் திரும்பிய பின், கான்பெராவிலுள்ள அந்த ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் தன் ஆசியத் தொகுப்பின் உடைமை வரலாற்றை முன்னாள் நீதிபதி ஒருவரைக் கொண்டு ஆய்வு செய்ய நேர்ந்தது. 2021இல் மேலும் 14 பொருள்களைத் திருப்பித் தர முடிவெடுத்தது. அங்குள்ள காப்பாளர்களில் பலர் உண்மை தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர்கள். எழுதும் கடிதத்தில் வசை வேண்டாம். சேர்க்கை எண், ஒப்பீட்டுப் படம், தேதி, தெளிவான கேள்வி போதும்.

நேரம் ஆகும் என்பதற்கும் தயாராக இருங்கள். கும்பகோணம் அருகே சுந்தரபெருமாள் கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் திருமேனியை ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கியிருந்தது. கோயிலில் இருப்பதாக 1957இல் எடுத்த படம் காட்டியது. பல்கலைக்கழகக் குழு 2024 மார்ச்சில் திருப்பித் தர இசைந்த பின்னும், அந்நாட்டு அறக்கட்டளை ஆணையத்தின் ஒப்புதலுக்குப் போக வேண்டியிருந்தது.

திரும்பி வந்த பின்

களவு நடந்த ஊரில் உற்சவம் நின்றுபோயிருக்கும். வீதியுலா எந்தத் தெருவில் எங்கே நிற்கும், மண்டகப்படி யார் யாருக்கு, எந்தப் பாட்டு எந்த முனையில் என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். திருமேனி இல்லாத காலத்திலேயே இவற்றை ஒலிப்பதிவு செய்து ஏட்டில் சேருங்கள். நாற்பது ஆண்டு கழித்துத் திருமேனி வரும்போது, உற்சவம் எப்படி நடந்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

நாடு திரும்பிய திருமேனிகள் பல, சொந்தக் கோயிலுக்கு வராமல் திருமேனிப் பாதுகாப்பு மையங்களிலேயே இருக்கின்றன. ஊரில் காவல் இல்லை என்பது காரணம். திரும்பக் கேட்பதானால் வெறும் மனு போதாது. இரும்புக் கதவுள்ள பாதுகாப்பறை, எச்சரிக்கை மணி, கண்காணிப்புக் கேமரா, இரவுக் காவலர், மின்சாரம் நின்றாலும் இயங்கும் மின்கலம் ஆகியவற்றைப் படத்தோடும் செலவுக் கணக்கோடும் காட்டி, காவல் நிலையத்தின் கருத்தையும் இணைத்து இணை ஆணையரிடம் கொடுங்கள். நிரந்தரமாகத் தர மறுத்தால், திருவிழா நாள்களுக்கு மட்டும் காவலோடு எழுந்தருளச் செய்ய அனுமதி கேளுங்கள். இந்த வழக்கம் பல கோயில்களில் நடப்பிலிருக்கிறது. விண்ணப்பத்தைக் கொடியேற்றத்துக்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். மையத்திலிருந்து புறப்படும்போதும் திரும்பச் சேர்க்கும்போதும் ஏட்டை விரித்து, பின்பக்கத்தில் தொடங்கி ஒவ்வோர் அடையாளமாகச் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள்.